கரண்டு இடப்பக்கம், பாட்டு வலப்பக்கம்

மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும். இது மாரப்பனுக்குத் தெரியாததல்ல. சோமனூர்த் தறிக்குடோன்களில் முப்பது வருஷமாக மோட்டாரோடும் பெல்ட்டோடும் மல்லுக்கட்டுகிற ஃபிட்டர். கரண்டு அவருக்கு மச்சான் முறை, கேலியும் பேசிக்கொள்ளலாம், அசந்தால் அடியும் வாங்கலாம். இருந்தாலும் பழைய மாருதியின் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு ஸ்பேனரோடு குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். கருப்பு மைனஸ், சிவப்பு பிளஸ். இன்றைக்குக் கை ஏன் இப்படி யோசிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, குடோன்களுக்கு லீவு, ஊர் முழுக்க அடங்கிக் கிடந்தது. காக்கை கத்துவதும், பக்கத்து வீட்டு மிக்ஸியும், யாரோ பாயை உதறுவதும் தனித்தனியாகக் கேட்டன. அவருக்குக் கேட்டன. வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவர் பெண்சாதி பூவாத்தாளுக்குக் கேட்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள், பானட் திறந்திருப்பதைப் பார்த்தாள், கீழே கிடந்த வயர்ச் சுருளையும் சப்பையான கருப்புப் பெட்டியையும் பார்த்தாள், மறுபடி கீரைக்குக் குனிந்துகொண்டாள். முந்தி என்றால் விட்டிருப்பாளா. நல்லா ஓடற வண்டிய எதுக்குங்க நோண்டறீங்க, கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா, போன தடவ பிரிச்சுப் போட்ட ஃபேனு மாசக்கணக்குல கட்டில்மேல கெடந்துச்சே என்று, கீரை முடிகிறவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பாள். அந்த வாய் இப்போது இல்லை. வாய் இருக்கிறது, சோறு தின்கிறது, கொட்டாவி விடுகிறது, பேச்சுத்தான் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மைனஸ் கழன்று வந்தது. அதைத் துணியில் சுற்றி ஓரமாக ஒதுக்கினார். அவள் பேச வேண்டும். திட்டினால்கூடப் போதும். இந்த வயரும் பெட்டியும் இந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்காகத்தான், வேறொன்றுக்கும் இல்லை.

காது ஒரே நாளில் போய்விடவில்லை. பூவாத்தாளும் தறி ஓட்டியவள், தறி ஓட்டுகிறவர்களுக்குக் காது போவது ஊருக்குப் புதிதுமில்லை. முதலில் கொலுசு போகும், அப்புறம் குக்கர் விசில், அப்புறம் சின்னப் பிள்ளைகளின் பேச்சு. பூவாத்தாளுக்குக் கொலுசு எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மணியெல்லாம் உதுந்துபோச்சாட்ட இருக்குதுங்க என்றாள். மணியெல்லாம் அப்படியே இருந்தன. அவர் எண்ணுகிற மாதிரி பாவனை செய்து, ஆமா கொஞ்சம் கொறையுது என்று சொல்லிவைத்தார். கோயமுத்தூரில் பார்த்துக் காதுமிஷின் வாங்கினார்கள். ஈயப் பாத்திரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரியே இருக்குது என்று அதைக் கழற்றிப் பவுடர் டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். அதுவரைக்கும்கூடப் பேச்சுக்குக் குறைவில்லை. காது கேட்காதவள் கத்திப் பேசுவாள், அவ்வளவுதானே. அவர்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது தெருக்கோடிவரை தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும். எல்லாம் அந்தக் கல்யாணத்தோடு நின்றது. மருமகளின் தங்கை கல்யாணம். கெட்டிமேளம் கொட்டும்போது எல்லாரும்தான் பக்கத்திலிருப்பவர் காதில் வாயை வைத்துக் கத்துகிறார்கள். அதைப் பார்த்து பூவாத்தாளும் பேசினாள். மேளம் சட்டென்று நின்றது. நின்றது அவளுக்குத் தெரியவில்லை. “பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது, மாப்பளதான் காஞ்ச மொளகாயாட்ட நிக்கறான்” என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். சிரித்தார்கள். மாப்பிள்ளையே சிரித்தான். சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. மகன் லோகேஸ் மணமேடைப் பக்கமிருந்து விறுவிறுவென்று வந்து, அத்தனை பேர் முன்னால், பெற்றவள் வாயைக் கையால் பொத்தினான். அடிக்கவில்லை, அழுத்தவில்லை, பொத்தினான். பொத்தும்போது அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அந்தக் கைக்கு மேலே அவள் கண் இரண்டும் மாரப்பனைத் தேடின. வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள், மறுநாள் எப்போதும்போல எழுந்து சோறாக்கினாள், பேசவில்லை. கோபம் என்று நினைத்தார்கள். கோபமென்றால் ஆறியிருக்கும். லோகேஸ் வந்து காலைத் தொட்டுக்கூடப் பார்த்தான், தலையைத் தடவிக் கொடுத்தாள், ஒரு சொல் இல்லை. தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாத ஒருத்தி அதை வெளியே விடவே பயந்துவிட்டாள் என்பது மாரப்பனுக்குப் புரிய வெகுநாள் ஆனது. புரிந்து என்ன, அந்தப் பயத்தை எந்த ஸ்பேனரால் கழற்றுவது.

ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். தள்ளி வைத்தால், நடுவில் வயர் எங்காவது உரசித் தகரத்தைத் தொட்டால், ஃப்யூஸ் அதுபாட்டுக்குச் சும்மா இருக்கும், வயர் பற்றிக்கொள்ளும். ஃப்யூஸை மாட்டினார். சிவப்பு வயரை எஞ்சின் பக்கமிருந்து உள்ளே விட, தகரத்தில் இருந்த பழைய ஓட்டையில் ரப்பர் வளையத்தை வைத்து அதன் நடுவே கோத்தார். கார்ப்பெட்டைத் தூக்கி இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனவர் பாதியில் நின்றார். ரப்பரை வைத்தோமா. வைத்தோம். திரும்பிப் போய்ப் பார்த்தார், இருந்தது. கார்ப்பெட்டுக்கு வந்தார். அந்த வயர் போகிற வழி அவளுடைய சீட்டுக்கு அடியில். ரப்பர் நழுவி, தகர விளிம்பு நாளுக்குக் கொஞ்சமாக வயரின் தோலை அறுத்து, ஒருநாள் ஊருக்குப் போகும்போது சீட்டுக்கடியில் புகை வந்தால், அவள் கத்துவாளா. அப்போதாவது கத்துவாளா. சீ, என்ன நினைப்பு இது. மறுபடி போய் ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தார். தெருவில் சைக்கிளில் போன கறிக்கடை சென்னியப்பன் காலை ஊன்றி நின்று, “என்னுங் மாரப்பண்ணா, இந்த வயசுல டிஸ்கோங்களா?” என்றான். பையனுக்குடா என்றார். பெட்டி வாங்கின கடையிலும் அதே பொய்தான். கடைக்காரர் டிக்கியில் வைக்கிற பெரிய பெட்டியைக் காட்ட, இவர் முன்சீட்டுக்கு அடியில், இடப்பக்கம், சப்பையாக வேண்டும் என்றார். “அங்க வெச்சா பாட்டு நல்லாருக்காதுங்ணா, குண்டிதான் அதிரும்” என்றார் கடைக்காரர். அதுதான் வேணும் என்று எப்படிச் சொல்வது. கடையிலேயே மாட்டித் தருகிறோம் என்றார்கள், அதற்கும் வேண்டாமென்று வந்துவிட்டார். யாருக்கு, எதற்கு என்று பேச்சு வளரும், கார் கடையில் நின்று அழுத முதல் கிழவன் என்ற பேர் எதற்கு.

கரண்டு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். கடைக்காரர் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பேட்டரியிலிருந்து வருகிற தடித்த வயர் இடப்பக்கம் என்றால், ஸ்டீரியோவின் முதுகிலிருந்து பாட்டைக் கொண்டுவருகிற மெல்லிய வயர் வலப்பக்கமாகத்தான் வர வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் படுக்கவைத்தால் கரண்டின் இரைச்சல் பாட்டுக்குள் ஏறிக்கொள்ளும், எஞ்சினை முறுக்க முறுக்க அதுவும் கூடவே ஏறும். ஸ்டீரியோவை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தார். மூக்கில் தூசி விழுந்தது. பாட்டு வயரை வலப்பக்கமாக விட்டு, தன் சீட்டுக்கு அடியில் வைத்திருந்த, பாட்டின் பலத்தைக் கூட்டுகிற ஆம்ப்பில் சொருகினார். சிவப்பு வயரை அங்கே கொண்டுவர மட்டும் ஒரே இடத்தில் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. கடந்தால் பரவாயில்லை, கூடப் படுக்கத்தான் கூடாது. குடும்பமும் இப்படித்தான் நடந்தது என்று தோன்றியது. அவர் மோட்டார்ப் பக்கம், அவள் தறிப் பக்கம், நடுவில் டீ நேரத்தில் ஒருதரம் கடந்துகொள்வது. முப்பது வருஷம் அப்படி ஓடியதில் இரைச்சல் என்று ஒன்றுமில்லை, ஆனால் என்ன பேசிக்கொண்டோம் என்று யோசித்தால் பஞ்சு விலை, மழை, லோகேஸின் படிப்பு, இவ்வளவுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அவளோ நாளெல்லாம் பேசினாள். அத்தனையும் எங்கே போயிற்று, எந்தக் காதில் விழுந்தது. நீல வயர் ஒன்று மிச்சம் இருந்தது. ஸ்டீரியோவைப் போட்டவுடன் ஆம்ப்பை எழுப்பிவிடுகிற வயர் அது, மெல்லிசு, ஆனால் அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஆம்ப் தூங்கிக்கொண்டே இருக்கும். அதை முறுக்கும்போது ஏனோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கோயில் நோம்பி அன்றைக்கு மட்டும் அந்த இளவட்டங்கள் வராமல் இருந்திருந்தால் இந்த யோசனையே வந்திருக்காது. நெஞ்சை இடிக்கிற பாட்டோடு ஒரு கார் தெருவில் ஊர்ந்து போனது. அலமாரியில் தட்டங்கள் கிடுகிடுத்தன. மாரப்பன் வாய்வரை நல்ல வசவு ஒன்று வந்தது. அப்போதுதான் பார்த்தார், பூவாத்தாள் சுவரில் கையை வைத்துக்கொண்டு தலையைத் திருப்பினாள். வண்டி வந்த திசையைப் பார்த்தாள், அதன் போக்கோடு பார்வையும் போனது. உதடு லேசாகப் பிரிந்தது. என்ன அது என்று கேட்கப்போகிறாள் என்று இவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். வண்டி முக்கு திரும்பியது, சுவரும் அடங்கியது, உதடும் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. அந்த அரைகுறைக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை தூரம் வந்திருக்கிறார். பெட்டிக்கு அடியில் வைக்க ரப்பர் கட்டைகள் கொடுத்திருந்தார்கள், அதிர்வு தகரத்துக்கு இறங்காமல் இருக்க. தறியைத் தரையில் பொருத்தும்போது அடியில் வைக்கிற ரப்பர் மாதிரிதான். அவற்றை எடுத்து ஓரமாகப் போட்டார். பெட்டியைப் பட்டை போட்டு சீட்டின் போல்ட்டோடு சேர்த்து இறுக்கினார், இரும்பும் இரும்பும் ஒட்டுகிற மாதிரி. அதிர்வெல்லாம் ஏறட்டும், காலுக்கு, தொடைக்கு, முதுகெலும்புக்கு. ஆம்ப்பிலிருந்து பெட்டிக்கு வயர் மாட்டினார், பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ்; மாறினால் பெட்டிக்குள் அதிர்கிற ஊஃபர் முன்னால் தள்ள வேண்டிய நேரத்தில் பின்னால் இழுக்கும். எர்த் வயர் ஒன்றுதான் பாக்கி. தகரத்தில் பெயின்டைச் சுரண்டினார். பெயின்ட் இருந்தால் எர்த் பிடிக்காது, வெள்ளி மாதிரித் தகரம் பளிச்சென்று தெரிய வேண்டும். தெரிந்தது. போல்ட்டை முறுக்கி, பேட்டரி மைனஸை மாட்டி, சாவியைத் திருப்பினார்.

ஙொய்ங் என்றது. பாட்டு போடவில்லை, சும்மா எஞ்சின் மட்டும், ஆனால் மெல்லிசாக, கொசு மாதிரி, விடாமல். எர்த் சரியில்லை. அணைத்தார், இறங்கினார், போல்ட்டைக் கழற்றினார், இன்னும் அகலமாகச் சுரண்டினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், மாட்டினார். ஙொய்ங். அப்படியானால் பாட்டு வயர் எங்கோ சிவப்பு வயரைத் தொடுகிறது. கார்ப்பெட்டை மறுபடி தூக்கினார். தொடவில்லை. ஆனாலும் இன்னும் கொஞ்சம் தள்ளி விட்டார். வியர்வை கண்ணில் இறங்கியது, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு பனியனோடு படுத்துத் தேடினார். படியில் கீரை முடிந்து பூவாத்தாள் முறத்தைத் தட்டினாள். சத்தம் அவளுக்குத் தொந்தரவில்லை, கொசுச் சத்தத்தை அவள் கேட்கப்போவதுமில்லை, அப்புறம் எதற்கு இந்தப் பாடு. இல்லை, செய்வதைச் சரியாகச் செய்ய வேண்டும், அரைகுறையாகச் செய்தால் அதுவே கெட்ட சகுனம் மாதிரி ஆகிவிடும், அவள் பேசமாட்டாள். எர்த்தை வேறு இடத்துக்கு மாற்றினார். ஙொய்ங். எரிச்சலில் எஞ்சினை நிறுத்திச் சாவியைப் பிடுங்கினார். ஙொய்ங். பானட்டுக்கு ஓடி பேட்டரி மைனஸையே கழற்றினார். கரண்டு அறவே இல்லாத வண்டிக்கு முன்னால், கையில் வயர் முனையைப் பிடித்தபடி நின்றார். ஙொய்ங் என்றுதான் இருந்தது. இடக்காதை விரலால் அடைத்தார். அடைத்த பிறகு அது இன்னும் தெளிவாக, இன்னும் பக்கத்தில் கேட்டது. வண்டியில் ஒரு குற்றமும் இல்லை, காலையிலிருந்து பழுது பார்த்தது தன் காதை. எத்தனை நாளாக இருக்கிறது இது. குடோனில் தறி ஓடும்போது தெரியாது, வீட்டில் டிவி ஓடும்போது தெரியாது. அவளுக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்குமா. இப்போதே பேசிவிட வேண்டும் பூவாத்தா, சீக்கிரம், எனக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே. பிற்பாடு நீ வாயைத் திறந்து ஊரே கேட்கக் கத்தினாலும், கேட்க வேண்டிய ஆள் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பான்.

மைனஸை மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு போய் அவள் தோளைத் தொட்டார். வண்டியைக் காட்டினார். அவள் தன் சேலையைக் காட்டினாள், அழுக்காக இருக்கிறது, எங்கே போவது என்கிற மாதிரி. எங்கேயும் இல்லை, சும்மா வந்து உட்காரு என்று கையாலேயே சொன்னார். முறத்தை உள்ளே வைத்துவிட்டு, கொண்டையை முடிந்துகொண்டு வந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள். இவர் சுற்றி வந்து வலப்பக்கம் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றினார். பெண்டிரைவில் அம்மன் கோயில் கும்மி, பம்பையோடு, ஊர்க்காரர் யாரோ போனில் பிடித்தது. ஸ்டீரியோவின் சத்தத் திருகைத் திருப்பினார். முதல் அடியிலேயே அவள் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு காலுக்குக் கீழே பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் செருப்பைக் கழற்றினாள். வெறும் பாதத்தைத் தகரத்தில் வைத்து அழுத்தி, நகர்த்தி, மறுபடி அழுத்தினாள், காலுக்கு ஒரு தோதான இடம் தேடுகிறவள் மாதிரி. தேடிய இடம் கிடைத்தது. தோள் இரண்டும் இறங்கின. கைகள் சீட்டை விட்டு மேலே வந்தன, வந்து மடிக்கு முன்னால், அறுந்த இழையை எடுத்து முடிபோடுகிற மாதிரி அசைந்தன. இவள் இப்போது காரில் இல்லை, குடோனில் நிற்கிறாள். அந்த நினைப்பு முடிவதற்குள் அவள் வாய் திறந்தது, பேச ஆரம்பித்தது.

பேசினாள். மடமடவென்று, நிறுத்தாமல், இடையில் சிரித்து, முகத்தைச் சுளித்து, புருவத்தைத் தூக்கிப் பேசினாள். அவரிடம் இல்லை. முன்கண்ணாடியைப் பார்த்து, எதிர்த் தறியில் நிற்கிற யாரோ ஒருத்தியிடம். பெட்டி அதிர்கிற அதிர்வில் மாரப்பனுக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. குரல் வருகிறதா, உதடு மட்டும்தானா, அதுவும் தெரியவில்லை. குடோனில் பெண்கள் அப்படித்தான் பேசுவார்கள். தறிச் சத்தத்தில் கத்திப் பிரயோசனமில்லை என்று குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிர்த் தறிக்காரி அதைப் படித்துக்கொள்வாள், மாமியார் கதையிலிருந்து மாதவிலக்குவரை எல்லாம் அந்தச் சத்தத்துக்கு உள்ளேயே நடக்கும். ஃபிட்டர் மாரப்பன் எப்போதும் தறிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்ததில் அந்தப் படிப்பைப் படிக்கவே இல்லை. இப்போது கண் வலிக்க அவள் வாயைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. பொறுக்க முடியாமல் திருகைக் குறைத்தார். தகரம் அடங்கியது, அவள் வாய் அந்த நொடியே மூடிக்கொண்டது. அவள் கண்ணில் அந்தக் கல்யாண மண்டபம் வந்து நின்றது. அவள் கை தன்னால் உயர்ந்து உதட்டுக்குப் போனது. இவர் பதறிப்போய்த் திருகை முழுக்கத் திருப்பினார். அதிர்ந்தது. அவள் கொஞ்சம் காத்திருந்தாள், பாதத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டாள், விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். சத்தம் இருந்தால் பேசுகிறாள், சத்தம் இருந்தால் இவருக்குக் கேட்காது. இதற்கு எந்தப் பக்கம் வயர் இழுப்பது என்று கடைக்காரர் சொல்லவில்லை.

அப்போது ஒன்று பிடிபட்டது. பேச்சுக்கு நடுவில் அவள் உதடு ஒட்டிப் பிரிந்து அகலத் திறந்தது, உடனே மறுபடி அழுத்தமாக ஒட்டிப் பிரிந்தது. கொஞ்சம் கழித்து அதே அசைவு. மாரப்பன் தன் உதட்டால் அதைச் செய்து பார்த்தார். மா. ரப். பன். இன்னொரு தரம் செய்து பார்த்தார். சந்தேகமில்லை. கட்டின நாளிலிருந்து அவள் அவர் பேரைச் சொன்னதில்லை; ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்து நீ சொல்லு ஆத்தா என்பாள். குடோன் சத்தத்துக்குள் இத்தனை வருஷமும் இப்படித்தான் பேர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், மாரப்பன் இதைச் செய்தான், மாரப்பன் அதைச் செய்யவில்லை என்று, எல்லாப் பெண்களுக்கும் தெரிந்து, அவருக்கு மட்டும் தெரியாமல். இப்போதும் யாரோ ஒருத்தியிடம் அவரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முகத்தைச் சுளித்தாள், மாரப்பன் என்றாள். சிரித்தாள், மாரப்பன் என்றாள். குறையோ நிறையோ தெரியவில்லை. அந்தக் கல்யாணத்தையே சொல்கிறாளோ, அன்றைக்கு அவர் எங்கே நின்றார் என்பதைச் சொல்கிறாளோ. அவர் அழுதார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்வதற்கெல்லாம், கேட்கிற மாதிரி, ஆமா ஆமா என்று தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் திருகிலேயே இருந்தது. கும்மியின் கடைசி அடிகளில் பம்பை வேகம் பிடித்தது. இந்தப் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வருகிற இடைவெளியை நினைத்து அவருக்கு இப்போதே பயமாக இருந்தது.